தூசி சார்

டீயை ஆறவிடாதீர்கள், பாலகோபால். சர்க்கரை கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் அதற்குக் கைப்பக்குவம் உள்ளவள் ஒருத்திதான். என் தங்கைக்குக் கருமாதியும் முடிந்துவிட்டது.

சென்னிமலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள். நேற்றுத்தான் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதாகச் சொன்னீர்கள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அவங்க என்னையப் பத்தி எப்பவாச்சும் கேட்டாங்களாங்க சார்?" அதற்குப் பதில் சொல்லத்தான் உட்காரச் சொன்னேன். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவைக்கிற பையனுக்கு நான் மார்க் போடுவதில்லை.

பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் தூசி சார். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பு. பீளமேட்டில் தூசிக்கு என்ன பஞ்சம், மில்லில் பறக்கிற பஞ்சுத் தூசி போதாதா, ஆகாசத்தில் வேறு போய்த் தேட வேண்டுமா என்று ஆசிரியர் அறையிலும் கிண்டல் உண்டு. நான் கோபித்துக்கொண்டதில்லை. நான் தேடுவது தூசியைத்தான்.

திருவாதிரைக்குத் தென்மேற்கே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரங்களின் கணக்கில் அது குழந்தை. அதன் கிரகங்கள் இன்னும் உருவாகி முடியவில்லை. அவற்றுக்கான தூசி ஒரு தட்டு மாதிரி அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தத் தட்டை என் மொட்டை மாடித் தொலைநோக்கியில் பார்க்க முடியாது. ஆனால் தட்டு தன் விளிம்பை நம் பக்கம் காட்டி நிற்பதால், அதிலுள்ள தூசித் திரள்கள் சில சமயம் நட்சத்திரத்துக்கும் நமக்கும் குறுக்கே வந்துவிடும். அப்போது நட்சத்திரம் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ மங்கும், அப்புறம் தெளியும். எவ்வளவு மங்கியது என்று அளந்துகொண்டே வந்தால் குறுக்கே போன தூசியின் அடர்த்தியும் போக்கும் பிடிபடும். முன்பெல்லாம் நட்சத்திரமே மங்குவதாகத்தான் பலர் நினைத்திருந்தார்கள். அதன் மேல் ஒரு குறையும் இல்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தொலைநோக்கிக் குழாயில் கண் வைத்து நட்சத்திரத்தை நடுவில் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் ஒளி அளக்கும் கருவியில் நீலக் கண்ணாடியையும் மஞ்சள் கண்ணாடியையும் மாற்றி மாற்றிச் செருகி, முள் காட்டுவதைப் படித்துச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் தங்கை மாசாணியும்தானே. அவள் முக்காலியில் உட்கார்ந்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் வெளிச்சத்தில் முள்ளைப் பார்ப்பாள். எண்ணுக்கும் மரியாதை கொடுப்பாள். "நாப்பத்திரண்டுங்ணா" என்பாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு குழாயில் கண் வைத்திருப்பதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

நீங்கள் எங்கள் வாழ்க்கையில் வந்தது ஒரு போர்வையால். மாடிக்கு நேரே புதிதாகத் தெருவிளக்குப் போட்டுவிட்டார்கள். வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புத் துணி வேண்டும் என்றேன். கைத்தறிக் கண்காட்சியில் உங்கள் சொசைட்டிக் கடைக்கு அவள்தான் போனாள். "கறுப்புல போர்வைங்களா? யாரும் வாங்க மாட்டாங்கன்னு நாங்க போடறதே இல்லைங்க. உங்களுக்குன்னு வேணா ஒண்ணே ஒண்ணு நெய்யச் சொல்லித் தாரனுங்க" என்றீர்களாம். வீட்டுக்கு வந்து அதை அவள் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அப்புறம் போர்வையை யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு வந்தீர்கள். மாடிக்கு ஏறி நீங்களே கம்பியில் கட்டினீர்கள். மாசாணி உங்களுக்கு நட்சத்திரத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தீர்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் உங்கள் அம்மா பூவும் பழமுமாக வந்து, இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண்ணிடம் யாரும் நேரே கேட்பதில்லை. பெண் வீட்டுப் பெரியவரிடம் கேட்பார்கள். அவர் உள்ளே போய்க் கேட்டு, வெளியே வந்து பதில் சொல்வார். இந்த வீட்டில் அந்தப் பெரியவர் நான்தான். "எங்களுக்குப் பூரண சம்மதமுங்க. புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிப்போடுங்க" என்றார் உங்கள் அம்மா. நான் உள்ளே போனேன். மாசாணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் சிவந்திருந்தது. நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்து, அவளுக்கு இப்போது கல்யாணத்தில் நாட்டமில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள் என்று சொன்னேன். நாலைந்து நாள் கழித்து அவளிடம், "ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு" என்றேன். "சரிங்ணா" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். அழுதாளா என்று நான் ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

அதை அப்போது பொய் என்று நான் நினைக்கவில்லை. தள்ளிப்போடுகிறேன் என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் முடிந்து நட்சத்திரம் மறுபடி வரும் நேரம் அது. அந்த ஒரு பருவம் அவள் கூட இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குப் போன் வந்தது. அதை என் அறையில் வைத்துக்கொண்டேன். நான் இல்லாதபோது அறை பூட்டியிருக்கும். நீங்கள் பூத்திலிருந்து மாதம் தவறாமல் கூப்பிட்டீர்கள். சென்னிமலைப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்கிறாள் என்று ஒரு முறை சொன்னேன். அவள் மனசு மாறுகிற வரைக்கும் இருக்கிறேன் என்றீர்கள். வேறு யாராக இருந்தாலும் மறுவருடமே இன்னொரு பெண்ணைப் பார்த்திருப்பார்கள். உங்கள் மேல் எனக்கு ஏதாவது வருத்தம் உண்டென்றால் அது இந்த ஒன்றுதான்.

எங்கள் அத்தை பழனியாத்தாள் பொள்ளாச்சிப் பக்கமிருந்து உக்கடம் வந்து, அங்கே பஸ் மாறி இங்கே வருவார். "புள்ள மூஞ்சியே வாடிக் கெடக்குது. ஒரு மாசம் எங்கூட்டுக்கு அனுப்பு சாமி" என்பார். அவள் வர மாட்டேன் என்கிறாள் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை வீட்டில் மருமகளோடு சண்டை, இப்போது போனால் அவருக்குப் பாரம் என்று மாசாணியிடம் சொன்னேன். இரண்டு பேரும் நம்பினார்கள். நம்பாமல் இருக்க நான் என்ன ஊரை ஏமாற்றுகிறவனா.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். டாக்டர்களும் நம் வழக்கத்தை மீறுவதில்லை. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலில் இருதய வால்வு சுருங்கியிருக்கிறது என்றார். "பலூன் வச்சு விரிச்சு உட்டா நல்லாயிரும்ங்க. அப்புறம் கல்யாணம் காட்சி எல்லாம் பண்ணலாம். ஆனா தள்ளிப்போடாதீங்க. மாடிப்படி ஏற உடாதீங்க" என்றார்.

"என்னங்ணா சொன்னாரு?" என்று பெஞ்சிலிருந்து எழுந்தாள் மாசாணி.

"ரத்தம் கம்மியாம் கண்ணு. பேரீச்சம்பழம் தின்னாச் சரியாப் போயிருமாம்."

பேரீச்சம்பழம் வாங்குவதில் நான் ஒரு வாரமும் தவறியதில்லை. நல்ல ரகமாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஏன் என்று கேட்க வாய் திறக்கிறீர்கள். சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அத்தை வந்து கூடவே இருப்பார். சேதி சென்னிமலைக்கு எட்டும். நீங்கள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். நான் மருந்து வாங்கப் போகிற நேரத்தில் யாராவது அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை போதும். பிறகு அவள் குணமாகி, தன் காலால் நடந்து இந்த வீட்டை விட்டுப் போயிருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது, பாலகோபால். கல்லூரி விட்டு வந்து, நானே பூட்டைத் திறந்து, நானே விளக்குப் போடுகிற வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இப்போது அப்படித்தான் உள்ளே வருகிறேன். இன்னும் பழகவில்லை.

பாடத்தில் ஒரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. தூசி குறுக்கே வர ஆரம்பித்ததும் நட்சத்திரம் சிவக்கும், சாயங்காலச் சூரியன் சிவக்கிற மாதிரி. இன்னும் மங்கினால் இன்னும் சிவக்க வேண்டும்தானே? அப்படி நடப்பதில்லை. அடி ஆழத்துக்குப் போனதும் நிறம் திரும்பி நீலமாகிவிடும். அப்போது நட்சத்திரத்திலிருந்து நேராக வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட அடைபட்டிருக்கும். சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறி வருகிறதே, அந்த வெளிச்சத்தைத்தான் நாம் நட்சத்திரம் என்று சொல்லி அளந்துகொண்டிருப்போம்.

இந்த ஜனவரியில் அது அவ்வளவு ஆழத்துக்கு மங்கியது. நான் காத்திருந்த மங்கல். சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டீர்கள், நினைவிருக்கிறதா? பொங்கல் கழிந்து ஒரு தடவை நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டீர்கள். அவளுக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் மாசாணி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். படித் திருப்பத்தில் நின்று நின்று வந்தாள். அவள் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முக்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, "ஏனுங்ணா, போன் அடிச்சதே. சென்னிமலைல இருந்துங்களா?" என்றாள்.

"இல்லை கண்ணு. காலேஜ்ல இருந்து."

"சரிங்ணா" என்றாள். நீலக் கண்ணாடியைச் செருகி எண்ணைச் சொன்னாள். மஞ்சளுக்கு எண் வரவில்லை. டார்ச்சைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தபோது சுவரில் சாய்ந்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆழத்தில் அந்த நட்சத்திரத்தை மறுபடி எப்போது பார்க்கக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவள் தோளுக்கு மேலே எட்டி, கண்ணாடியை மாற்றி, முள்ளை நானே பார்த்தேன். சரிபார்க்க இன்னொரு தடவையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவள் கையைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. உடனே கொண்டு வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குளிராக இருந்ததால் கம்பியிலிருந்து உங்கள் போர்வையை அவிழ்த்து அவளுக்குப் போர்த்தினேன். தெருவிளக்கு வெளிச்சம் மாடி முழுக்க விழுந்தது.

அதற்கடுத்த வாரம் நீங்கள் மறுபடி கூப்பிட்டு, எப்படி இருக்காங்க என்று கேட்டீர்கள். நல்லா இருக்கிறாள் என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்த அடி ஆழத்து நீலம் நினைவுக்கு வந்தது.

உங்கள் கேள்விக்கு விடை இதுதான். கேட்டாள். அந்தப் போன் மணி அடித்து ஓய்கிற போதெல்லாம் கேட்டாள். பொங்கலுக்குச் சேலை எடுத்தபோது, கறுப்புப் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டபோது, சும்மா இருக்கும்போதும் கேட்டாள். நட்சத்திரம் தானாக மங்கவில்லை. குறுக்கே நான் நின்றேன். டாக்டர் சொன்னதை மறைத்து, படி ஏறவிட்டு, அவளைக் கொன்றவன் நான்தான். போலீஸில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். இதே வரிசையில் அங்கேயும் சொல்கிறேன்.

சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. இனி நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, பாருங்கள். ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நட்சத்திரம் தெளிந்து வருகிற நேரம் இது. கண்ணாடி மாற்றுவதற்கு எனக்கு ஆள் இல்லை. உங்களுக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இங்கேயே தங்கிவிடுங்கள். அவள் அறை காலியாகத்தான் இருக்கிறது. முக்காலியும் போட்ட இடத்திலேயே இருக்கிறது. நானாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். டீ போட உள்ளே போனபோது மாசாணியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். அவளுக்குப் பூரண சம்மதம்.