கிபாயத்துல்லா கேட்ட பட்டியல்

மேடையில் வீற்றிருக்கும் ஆணையர் அம்மையார் அவர்களே, துறைத் தலைவர்களே, வார்டு அலுவலகங்களிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தோழர்களே, தூய்மைப் பணியாளர் சகோதரிகளே, முன்வரிசையில் கணவரை இழந்த துயரோடு அமர்ந்திருக்கும் சகோதரி மாஹிரா அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் குப்புராஜ். குடிநீர்ப் பிரிவின் கணினி வேலைகளை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எனக்கு முன் பேசிய ஐவரும் மறைந்த நம் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் கிபாயத்துல்லா அவர்களை மனதாரப் புகழ்ந்தார்கள். நானும் புகழத்தான் வந்தேன். ஆனால் உண்மையை மறைத்துக்கொண்டு புகழ எனக்கு நா எழவில்லை. அந்த மனிதர் மீது எனக்குப் பொறாமை! ஆறு ஆண்டுப் பொறாமை! இந்த மண்டபம் நிரம்பி வாசல்வரை ஆட்கள் நிற்கிறார்களே, இதைப் பார்க்கும்போதும் பொறாமை!

நம் துறைகளின் கணினிகளையெல்லாம் இணைக்க ஒருவர் வேண்டும் என்றபோது, அந்தப் பதவி எனக்குத்தான் என்று நம்பினேன். வீட்டில் சொல்லியும்விட்டேன். வந்தவர் கிபாயத்துல்லா. ஒரே மாதத்தில், அத்தனை ஆண்டுகள் என்னைத் தேடி வந்தவர்கள், "கிபா சார்கிட்ட கேட்டுக்கலாம்" என்று என் மேசையைத் தாண்டிப் போனார்கள். ஒருநாள் பேரனின் பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை. என் மனைவி என்ன சொன்னாள் தெரியுமா? "ஏங்க, உங்க ஆபீஸ்ல கிபா சார்னு ஒருத்தர் இருக்காராமே, அவர்கிட்ட சொல்லுங்களேன்!" அன்று நான் சாப்பிடவில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள். அவரும் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அவர் செய்த வேலை என்ன? ஒரே கட்டடத்துக்குக் குடிநீர்ப் பிரிவில் ஓர் எண், வரிப் பிரிவில் வேறோர் எண், சுகாதாரப் பிரிவில் மூன்றாவது எண். ஒரு பிரிவுக்குத் தெரிந்தது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. இதை ஒன்றாக்கப் புறப்பட்டார் அவர். எல்லாப் பிரிவும் பட்டியலைக் கொடுத்தது. நான் கொடுக்கவில்லை. "பழைய ஃபைல் சார், தேடிட்டு இருக்கேன்" என்றேன். தேட என்ன இருக்கிறது? என் கணினியில், என் கண்ணெதிரே இருந்தது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பதினோரு நாள்!

அந்தப் பதினோரு நாளில்தான் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கிளம்பின. சுகாதாரப் பிரிவிடம் பதினான்கு வீடுகளின் பட்டியல் இருந்தது. என் பிரிவிலோ, "தண்ணியில நாத்தம்" என்ற புகார்கள் வேறு எண்களில் குவிந்து கிடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் விஷயம் விளங்கியிருக்கும். வைக்க விடாதவன் யார்? நான்!

அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. அங்கே தூய்மைப் பணி செய்யும் கங்கம்மாவை அழைத்துக்கொண்டு, மாடி மாடியாக ஏறி இறங்கி, கதவு கதவாகத் தட்டினார். இரண்டு நாள் நடந்தார். பதினான்கு வீட்டுக்கும் ஒரே குழாய்! லாரி ஏறி உடைந்த அந்தக் குழாயில் சாக்கடை கலந்திருந்தது. அன்று மாலையே அதை அடைக்க வைத்தார். நோயில் விழுந்தவர்களில் கங்கம்மாவின் மகள் தமிழினியும் ஒருத்தி. நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தாள்.

குழாயை அடைத்த மறுநாள் கிபா சார் என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"குப்பு சார், அந்த ஃபைலை நீங்க தினமும் காலையில திறந்திருக்கீங்க. கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு."

"ஆமா சார். உங்க கையில குடுக்க மனசு வரல" என்றேன்.

"என் மேல பேஜார்னா என்னைத் திட்டுங்க சார். கேன்டீன்ல நாலு பேர்கிட்ட சொல்லுங்க. அந்தத் தண்ணியைக் குடிச்சவங்க உங்களை என்ன சார் பண்ணாங்க?"

 பிறகு அவரே சொன்னார்: "நான் மேல எழுதப் போறதில்ல. ஆனா கங்கம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

பட்டியலை அந்த நிமிடமே கொடுத்தேன். மறுநாள் பெரும்பாக்கம் போனேன். கங்கம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சொன்னதையெல்லாம் கேட்டார்.

"இன்னா சார், இத்த வந்து எங்கைல சொல்லிகினு நிக்கிற? நாலு நாளு ஊசியும் பாட்டிலுமா கெடந்துச்சு எம் பொண்ணு. மன்னிச்சுட்டேன்னு எம் வாயில வராது சார். அடுத்த தபா யாராவது கேட்டா அன்னிக்கே குடுத்துடு."

அவர் கேட்டது அவ்வளவுதான். இது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் கிபா சார் போனபின், துக்கம் விசாரிக்கச் சென்று சகோதரி மாஹிராவிடம் சொன்னேன். "இப்படி ஒண்ணு நடந்ததா? வீட்ல சொன்னதே இல்லையே அண்ணா" என்றார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை! நானாக இருந்தால் ஊருக்கே சொல்லித் திரிந்திருப்பேன். நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு மனமா? அதன் மீதும், வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குப் பொறாமை வந்தது.

ஆணையர் அவர்களே! நேற்று என்னை அழைத்து, அவருடைய பொறுப்பை ஏற்கச் சொன்னீர்கள். இதை அறியாமல் சொன்னீர்கள். இப்போது அறிந்துகொண்டீர்கள். எந்த நடவடிக்கை எடுத்தாலும் தலைவணங்கி ஏற்கிறேன். பதவி தந்தாலும் தராவிட்டாலும், அவர் பாதியில் விட்ட வேலை ஒன்று கிடக்கிறது. சாலைப் பிரிவு எங்கே தோண்டுகிறது என்பது மழைநீர்ப் பிரிவுக்கு இன்னும் தெரியாது. இந்த மழைக்காலத்துக்குள் அதை இணைத்தே தீர்வேன் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன்.

இன்று காலை மேடவாக்கத்திலிருந்து செவிலியர் ரோஸி தொலைபேசியில் அழைத்தார். தடுப்பூசிப் பட்டியல் திறக்கவில்லையாம்.

"கிபா சார் இல்லைன்னு தெரியும் சார். கை தானா அவர் நம்பருக்குப் போயிடுச்சு. இனிமே யார்கிட்ட சார் கேக்குறது?"

நெஞ்சில் சுருக்கென்றது. பொய் சொல்லவில்லை, அப்போதும் சுருக்கென்றது.

"என்கிட்ட கேளும்மா. ஒரு மணிக்கு வரேன்" என்றேன்.

இப்போது மணி பன்னிரண்டரை. விடைகொடுங்கள், கிளம்புகிறேன். வணக்கம்.