கோடு போட்ட செக்

கருமத்தம்பட்டி பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் ஒரு தறிப்பட்டறை முதலாளியும் அவருடைய கணக்குப்பிள்ளையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நம்ம கேஷ்புக்கைவிட பேங்க்ல பணம் அதிகமா நிக்குதுங்க. ரெண்டு தரம் கூட்டிப் பார்த்துட்டேனுங்க."

முதலாளி சிரித்தார். "கொறஞ்சாத்தானப்பா பயப்படோணும்?"

"தறி ஓட்டற மாரப்பன் சம்சாரத்து ஆபரேசனுக்குக் குடுத்த செக்குங்க. செலவுன்னு எழுதிப்போட்டேன். அது பேங்குக்கே வரலீங்க."

"ஏன்?"

"பழக்கத்துல ரெண்டு கோடு போட்டுக் குடுத்துப்போட்டேனுங்க. கோடு போட்டா அக்கவுண்ட் இருக்கறவங்களுக்குத்தான் மாறும். அவனுக்கு ஏதுங்க அக்கவுண்ட்?"

"அடப்பாவி! அவன் சம்சாரம் செத்து, இன்னிக்குக் கருமாதிக்குப் போறோம். அன்னிக்கே வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன அவனுக்கு?"

"நேத்துக் கேட்டேனுங்க. 'மொதலாளி குடுத்ததைக் கொறை சொன்னாப்பல ஆயிருமேன்னு இருந்துட்டனுங்க'ன்னான்."