டாக்டருக்கு எடுத்த படம்

– உக்காருங்க நதியா டீச்சர். நின்னுக்கினே பேசுனா கோவம் இன்னும் ஏறும்.

– கோவம் ஆறுறதுக்கு நான் வரல சார். கான்ஸ்டபிள் வடிவேலு மேல புகார் குடுத்தேனே, அது இன்னா ஆச்சு?

– அன்னிக்கி இருந்த நெலமைய யோசிங்க. உங்க ஹாஸ்டல கொளுத்திடுவேன்னு எவனோ பேஸ்புக்ல போட்டுட்டான். உள்ள அத்தினி பொண்ணுங்க தூங்குதுங்க. இந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. நான். இந்த மலை ஊர்ல இருக்கற போனெல்லாம் வாங்கி பாருன்னு வடிவேலு கிட்ட சொன்னேன். வேற இன்னா பண்ணுவேன்?

– அத தப்புன்னு நான் எங்கியும் சொல்லல. அந்த பொண்ணுங்களுக்கு வார்டன் நானு. என் போன நானே கொண்டாந்து குடுத்தேன், லாக்கும் சொன்னேன். மெசேஜ் மட்டும் பாருங்க, போட்டோ பக்கம் போவாதீங்கன்னேன். ஒளிக்க ஒண்ணும் இல்லாதவளுக்கு இன்னா பயம்னு வடிவேலு சிரிச்சான்.

– அவன் பேச்சே அப்பிடித்தான்.

– கடைசில போட்டவன் யாரு?

– ஆலங்காயத்து பையன் ஒருத்தன். வெளையாட்டுக்கு போட்டேன்றான். பேஸ்புக் கம்பெனிக்காரங்க நம்பர் குடுத்தாங்க, புடிச்சோம்.

– மலைல வாங்குன ஒரு போன்லயும் அவன் இல்ல. ஆனா என் போன்ல என் மார் இருந்துச்சு.

– டீச்சர், வுடுங்க.

– கட்டி வந்திருக்குது சார் எனக்கு. படம் எடுத்து அனுப்புன்னு வேலூர் டாக்டரம்மா சொன்னாங்க. அவங்களுக்குன்னு எடுத்தது. அத வடிவேலு தன் போன்ல ஏத்திக்கினான். படவேடு, கண்ணமங்கலம்னு அது போவாத எடம் இல்ல. இவ கிட்ட பொண்ண வுட மாட்டோம்னு ஹாஸ்டலுக்கு வந்து கூட்டிக்கினு போறாங்க. எங்கப்பா சாமை அறுக்க கூட போவாம வூட்டுக்குள்ள கெடக்குறாரு.

– மேல சொல்லி அவன மலைக்கு கீழ இருக்கற ஸ்டேஷனுக்கு மாத்த வெச்சிட்டேன். ரெண்டு கொழந்த இருக்குது அவனுக்கு. புகார வாபஸ் வாங்கிக்கங்க, வந்து உங்க கால்ல வுழ சொல்றேன்.

– கால்ல வுழுந்தா எனக்கு இன்னா வரும்? உடுப்பு கழலணும். பஸ்ஸுல ஏறுறப்போ, என்ன பாத்த மாதிரி அவன ஊரே பாக்கணும். அவன் ஜெயிலுக்கு உள்ள போறத நான் வாசல்ல நின்னு பாக்கணும்.

– அவன் தான் பண்ணான்னு ஆதாரம் வோணுமே? அவன் போன நான் இஷ்டத்துக்கு தொறக்க முடியாது. அவனுக்கும் உரிமைன்னு ஒண்ணு இருக்குது.

– இருக்குது. அதனால தான் நானும் தொறக்கல. அவன் பொண்டாட்டி அன்பரசியே அந்த போன எடுத்தாந்து என் கைல குடுத்தா. தொறந்து தரட்டுமான்னு கேட்டா. வேணான்னுட்டேன்.

– கைல கெடச்சும் பாக்கலியா?

– அதுல வேற எந்த பொம்பள படம் இருக்குதோ. அதுவும் இல்லாம நானா தொறந்தா, அதையே சொல்லி கோர்ட்டுல தப்பிச்சிக்குவான். அப்பிடி அவன வுட்டுட்டா நான் எப்பிடி தூங்குவேன்? அவள கூட்டிக்கினு நேரா ஜட்ஜம்மா கிட்ட போனேன். அவங்க உத்தரவு போட்டாங்க, சைபர் கிரைம்காரங்க தொறந்தாங்க.

– ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அங்க போனியா நீ?

– போனேன். அவன் அந்த படத்த ஒரே ஒரு ஆளுக்கு தான் அனுப்பியிருந்தான்.

– யாருக்கு?

– படவேட்டுல மொதல்ல அது யாருக்கு வந்துச்சோ அவனையும் புடிச்சி விசாரிச்சிட்டாங்க. அவனுக்கு அனுப்புனதும் அதே நம்பரு தான். அது உங்க நம்பரு, இளவரசன் சார். சைபர் கிரைம்காரங்க வாசல்ல நிக்கறாங்க, உத்தரவோட. உங்க போன மேசை மேல வைங்க.