திலீப்பின் முதுகு

இந்த நாற்காலி நல்ல நாற்காலி, ஃபாரூக் சார். முதுகு பதிகிற இடத்தில் கொஞ்சம் வளைத்திருக்கிறார்கள். போலீஸ் நிலையத்தில் இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சில வருடமாக எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் பார்க்கிறேன். எனக்காக இல்லை. என் தம்பி திலீப்புக்காகப் பழகிய பழக்கம்.

தண்ணீர் வேண்டாம். போன மாதம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அதிகம் பேசவில்லை. அழுகையில் இருக்கிறேன் என்று நினைத்து நீங்களும் விட்டுவிட்டீர்கள். மரியாதையான பிள்ளை நீங்கள். அதனால்தான் உங்களையே கேட்டு வந்தேன்.

நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஈசூனில் பதினோராவது மாடியில் வீடு. நானும் திலீப்பும் மட்டும்தான். அவன் பிறந்த வருடமே அம்மா இறந்துவிட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பால் கரைத்தது, பள்ளிக்கு அழைத்துப் போனது, காய்ச்சலில் கண் விழித்தது எல்லாம் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லையா என்று கடையில் கேட்பார்கள். எனக்கு அதற்கு நேரம் இருந்ததே இல்லை என்பேன். அது உண்மை.

திலீப் பஸ் ஓட்டினான். அமைதியான ஆள். ஒருநாள் சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்துவிட்டது. சட்டென்று பிரேக் போட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நிறுத்தத்தில் அவனால் இருக்கையை விட்டு எழ முடியவில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே பிடித்த பிடிப்பு இடுப்புவரை இறங்கியிருந்தது. இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எலும்பு சுத்தமாக இருக்கிறது, நரம்பு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வலி மட்டும் இருந்தது. பளு தூக்கினால் வராது. மணிக்கணக்கில் நின்றால் வராது. மேலதிகாரி கத்தினால் வரும். டிவியில் பந்தாட்டம் பார்க்கும்போது கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால் வரும். அவன் காதலிக்கிறான் என்பதையே நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். அவ்வளவு வலியில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்னடா ஆச்சு?"

"ஒன்னும் இல்ல லா, அக்கா. ரக்ஷனா ஓகே சொல்லிட்டா."

ரக்ஷனா பாலர் பள்ளி ஆசிரியை. நல்ல பெண். அவளைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை.

அவள்தான் டாக்டர் சுஷ்மிதாவிடம் போகச் சொன்னாள். நானும் கூடப் போனேன். டாக்டர் எங்கள் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். "பயந்தா, கோபப்பட்டா, ரொம்ப சந்தோஷப்பட்டாக்கூட உடம்புல அட்ரினலின் ஏறும். மத்தவங்களுக்கு நெஞ்சு படபடக்கும். உங்களுக்கு முதுகுத் தசை எல்லாம் இறுகிப்போகுது. உங்க உடம்பு எதுக்கோ தயாரா நிக்குது, திலீப்." பிறகு கேட்டார்: "சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?"

திலீப் என் பக்கம் திரும்பினான். நான் சொன்னேன், "ஒன்னும் இல்ல டாக்டர். நல்லாத்தான் வளர்ந்தான்."

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கலாம். அவனைப் பற்றிய கேள்விகளுக்கு எப்போதும் நான்தான் பதில் சொல்வேன்.

முதல் தடவை நடந்தது கைதவறி. சத்தியமாகக் கைதவறித்தான். திலீப் ரக்ஷனாவைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். சமையலறையில் குக்கர் மூடி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் செருப்பை மாட்டியபடியே மடிந்து உட்கார்ந்துவிட்டான். உள்ளே கூட்டிவந்து குப்புறப் படுக்கவைத்தேன். கோடாலித் தைலம் தேய்த்து, வெந்நீர்த் துணியால் ஒத்தி, விரலால் நீவிவிட்டேன். எங்கே அழுத்தினால் பிடிப்பு விடும் என்று எனக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் சின்னப் பிள்ளை மாதிரித் தூங்கிப்போனான். அன்று அவன் வெளியே போகவில்லை. மழை பெய்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றேன். பல வருடங்களில் அவ்வளவு நிம்மதியான சாயங்காலம் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது தடவை நழுவவில்லை.

நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. குரலை உயர்த்திப் பேசியதுகூட இல்லை. ஒரு தட்டு விழும். அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவை வேகமாகத் தட்டி, ஒன்றுமில்லை, துண்டு வேண்டுமா என்று கேட்பேன். வேலை நேரத்தில் போனில் கூப்பிட்டு, "திலீப், உடனே வீட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். ஆமாம், பஸ்ஸில் பயணிகள் இருந்திருப்பார்கள். இடைவேளையில்தான் போனை எடுப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் பிறகு நான்தான் தேய்த்துவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் கம்பெனி அவனைப் பஸ்ஸிலிருந்து எடுத்து டிப்போவில் உட்கார வைத்தது. எனக்கு அது நல்லதாகவே பட்டது. சீக்கிரம் வீட்டுக்கு வந்தான்.

ரக்ஷனா விடவில்லை. அவனை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனாள். வலி வரும்போது மெதுவாக மூச்சுவிடப் பழக்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கேயோ பட்டாசு மாதிரி ஒரு சத்தம். அவனுக்குப் பிடித்துக்கொண்டது. நான் தைலத்தோடு ஓடினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அக்கா, ப்ளீஸ், நீங்க ஓடி வராதீங்க. நீங்க பதறினா அவருக்கு இன்னும் இறுகுது. கொஞ்சம் விடுங்க. அவரே எழுந்திருப்பாரு."

அவள் அவனைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டான். நான் தைலப் புட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். குடித்துவிட்டு வந்தால் கதவைத் தட்ட மாட்டார். சாவிக்கொத்தை வாசல் கதவுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கேட்டின் கம்பிகளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார். டரடரடர என்று ஒரு சத்தம். அது கேட்டதும் திலீப் எங்கே இருந்தாலும் என்னிடம் ஓடிவருவான். ஆறு வயது, ஏழு வயது. அவன் முகத்தை என் மடியில் வைத்து, தலையைச் சுற்றி இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வேன். பெல்ட் அவன் முகத்தில் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. பள்ளியில் யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான்.

முதுகு வெளியே இருந்தது. வேறு எப்படிப் பிடிக்க முடியும்? அவன் திமிறுவான். நான் விடமாட்டேன். ஓடினால் அப்பாவுக்கு இன்னும் கோபம் வரும்.

அப்பா இறந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் ரக்ஷனாவின் பெற்றோரைப் பார்க்கத் திலீப் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்த அன்று, நான் வெளித் தாழ்வாரத்துக்குப் போய் என் சாவிக்கொத்தை கேட்டில் இழுத்தேன். ஏன் அது தோன்றியது என்று கேட்காதீர்கள். கை தானாகச் செய்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கிடந்தான். முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை. சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

"யாருக்கா அது?"

"பக்கத்து வீட்டு ரஞ்சன்டா. சாவிய ஆட்டிட்டுப் போறாரு."

பாவம், மறுநாள் அவன் ரஞ்சனிடம் போய் மரியாதையாகக் கேட்டிருக்கிறான், சார், கொஞ்சம் சத்தம் வராமப் பார்த்துக்குங்க என்று. ரஞ்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டாராம். அன்றிலிருந்து அவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு நடப்பார். நல்ல மனிதர்.

பிறகு இன்னும் சில தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் மீண்டும் என் தம்பியாக இருந்தான்.

ஆனால் பெண் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். பொங்கோலில் வீடு பார்த்தார்கள். திலீப்புக்கு உடம்பு தேறிவந்தது. சாவிச் சத்தத்துக்குக்கூட ஒரு தடவை சுவரில் சாய்ந்து கண்ணை மூடி மூச்சுவிட்டே சமாளித்தான். அன்று சாப்பிடும்போது சொன்னான்.

"அக்கா, அப்பா அடிச்சதெல்லாம் ரக்ஷனாகிட்ட சொல்லிட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லப்போறேன்."

"எதுக்குடா பழசெல்லாம்?"

"பழசு இல்லக்கா. இன்னும் இங்கதான இருக்கு." முதுகைத் தொட்டுக் காட்டினான். பிறகு கேட்டான், "நீ ஏன்க்கா என்னை ஓட விடல?"

குற்றம் சாட்டுகிற மாதிரிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை. வெயில் நன்றாக இருந்தது. நான் கம்பளிப் போர்வைகளைத் துவைத்தேன். ஈரத்தில் கல் மாதிரிக் கனக்கும். எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே, துணிக்கழி சொருகுவதற்கென்று சுவரில் பதித்த சின்ன இரும்புக் குழாய்கள் இருக்கின்றன. துணி போட்ட மூங்கில் கழியை வெளியே நீட்டி, குழாயில் சொருக வேண்டும். முதுகு வலி வந்ததிலிருந்து திலீப் அதைச் செய்ததில்லை. அன்று நான் கேட்டேன்.

"இப்பதான் நல்லாயிடுச்சே. மாட்டித் தர்றியா?"

"குடுக்கா." சந்தோஷமாக வந்தான்.

முக்காலியை நான்தான் எடுத்துப் போட்டேன். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அப்போது நான் மின்தூக்கி அருகே இருந்ததாக உங்களிடம் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. நான் வாசலில் நின்றேன். கேட்டைச் சாத்தினேன், கதவைத் திறந்தே வைத்தேன். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் சமையலறைச் சன்னல் நேராகத் தெரியும். அவன் முக்காலியில் ஏறி, இடுப்புவரை வெளியே எட்டி, கழியை உயர்த்திக்கொண்டிருந்தான். முதுகு நேராக இருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

குணமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதானா என்று நான் பார்க்க நினைத்தேன். அதில் தவறு என்ன? அவனை வளர்த்தவள் நான்.

சாவியை கேட்டில் இழுத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

இப்போது வீட்டில் இருக்க முடியவில்லை, சார். பகலிலேயே கேட்கிறது. ரஞ்சன் வெளியூர் போயிருக்கிறார், தாழ்வாரத்தில் யாரும் இல்லை, ஆனாலும் கம்பிகள் ஒவ்வொன்றாக அதிர்கின்றன. போய்ப் பார்த்தால் கேட் அசையாமல் நிற்கிறது. என் சாவியைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தேன். பானைக்குள்ளிருந்தும் கேட்கிறது. அது கேட்கும்போது எனக்கும் இடது தோள்பட்டைக்குக் கீழே பிடிக்கிறது. டாக்டரிடம் போகவில்லை. என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். ரக்ஷனா அப்படி நினைக்கவில்லை. முந்தின நாள் அவர்களுக்குள் ஏதோ சின்ன வாக்குவாதமாம். மண்டாயில் தகனம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவரே குதிச்சிட்டாரு, என்னாலதான்" என்று அழுதாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாளாம். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. என் தம்பி தானாக என்னை விட்டுப் போகிறவன் இல்லை. அவளுக்காகச் சாகிறவனும் இல்லை. நான்தான் செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்கிறீர்கள். இல்லை. சத்தம் கேட்டதும் உடம்பு வெட்டியது. கழி கனத்தில் வெளியே சாய்ந்தது. ஒரு கை சன்னல் சட்டத்தில் இருந்தது. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான். அப்பா இல்லை, ரஞ்சன் இல்லை, நான்தான் என்று பார்த்தான். என் கையில் இருந்த சாவியையும் பார்த்தான். அதற்கப்புறம்தான் சட்டத்திலிருந்து அந்தக் கை விட்டது.

வலியில் விட்டிருப்பான் என்று நீங்கள் எழுத வேண்டாம். அவனுக்கு அப்போது வலியே இல்லை. வலித்திருந்தால் என்னைத்தானே கூப்பிட்டிருப்பான்.