வறுத்த விதை

ஆடி பிறந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது, இன்ஸ்பெக்டரம்மா. செண்டுமல்லி விதையைப் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி எங்கள் ஆம்பூர்த் தெருவில் மண்ணே உப்பு. அதிலும் என் விதை முளைக்கும். கல்யாண வீட்டில் முளைப்பாலிகைக் கிண்ணத்தில் நவதானியம் தெளிக்க, "மேகலாக்காவ கூப்புடு, ராசிக் கை" என்பார்கள்.

இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார முடியவில்லை, இப்படி நடந்துகொண்டே சொல்கிறேனே.

எதிர்வீட்டுக் கெங்கம்மாளுக்கு மருமகளாக சோபனா வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. தங்கமான பெண். முதல் ஆடியில் நான் கொடுத்த விதை, அவள் வாசலில் என்னுடையதைவிடப் பெரிதாகப் பூத்தது. அடுத்த கல்யாணத்தில் பாலிகை தெளிக்க முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

மறு ஆடியில் அவள் பொட்டலத்தை மட்டும் வாணலியில் வறுத்தேன். நிறம் மாறாத அளவுக்குத்தான். தெருவெல்லாம் பூத்தது, அவள் வாசல் வெறும் மண்.

"தண்ணி உப்புக்கா" என்றாள்.

"எல்லாருக்கும் அதே தண்ணிதானேம்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

அதற்கடுத்த ஆடியிலும் அப்படியே கொடுத்தேன். மூன்று வருஷமாக அவளுக்குக் குழந்தையும் இல்லை. கெங்கம்மாள் என்னிடம் வந்து புலம்பினாள். "இன்னா மேகலா, வெதையே மொளைக்காத கை. வயித்துல இன்னா மொளைக்கும்?"

நான் உச்சுக் கொட்டினேன். அவ்வளவுதான்.

மகனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். சோபனாவைக் கணியம்பாடிக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்முன் அவள் என்னிடம்தான் வந்தாள். "அக்கா, இன்னொரு தபா வெதை குடுங்க. மொளைச்சா கூட்டிக்கிறேன்னு அத்தை சொல்லிட்டாங்க."

இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் வறுத்துக்கொண்டு வந்தேன். கணியம்பாடி நல்ல மண் ஆயிற்றே, முளைத்துத் தொலைத்தால் திரும்பி வந்துவிடுவாள்.

பத்து நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாளாம். பதினோராம் நாள் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். கெங்கம்மாளை விட்டுவிடுங்கள், பாவம், அவள் என் விதையை நம்பினாள்.

காரியம் முடிந்த அன்று சோபனாவைப் புதைத்த இடத்தில் நல்ல விதையாகப் பார்த்துத் தூவினேன். நேற்றுப் போனேன், ஒன்றுகூடத் தப்பாமல் முளைத்திருக்கிறது. இனி அவளை ராசியில்லாதவள் என்று ஒருத்தி வாய் திறக்க முடியாது. அந்தக் குறையை நான் தீர்த்துவிட்டேன்.