ஒரே நிறம்

படகில் வைத்துக்கொள்ள பேட்டரிக் கருவிகள் வாங்குவதென்றால் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வாங்க வேண்டும். இதை நான் ரிச்சர்ட்ஸ் பேயில் சொல்லியிருக்கிறேன், டர்பனில் சொல்லியிருக்கிறேன், ஈஸ்ட் லண்டனில் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் படகுக்காரர்கள் இறைச்சி சுட்டுக்கொண்டே கேட்பார்கள். முடிந்ததும் கை தட்டுவார்கள்.

நிறம் என்றதும் நிமிர்ந்து பார்க்கிறீர்கள், மேடம். கருவிகளின் நிறத்தைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். ஒன்றின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் உட்காராது. அப்படித்தான் செய்து விற்கிறார்கள். வீட்டில் என்றால் அது ஓர் எரிச்சல், கடைக்குப் போய் வேறு வாங்கலாம். கடலில் கையில் இருப்பதுதான் இருக்கும்.

டர்பனில் நான் பேசியபோது முதல் வரிசையில் அனெலி இருந்தாள். என் நண்பன் வெசெல் லாட்டகனின் மகள். அவள் வாங்கிக் கொடுத்த ஒரு கருவியால் அவள் அப்பா செத்தார் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். அவளுக்கு அதைச் சொன்னது நான். இன்று புகார் கொடுத்து உங்களை என் வீட்டுக்கு அனுப்பியிருப்பது அவள்.

படகை நானும் வெசெலும் சேர்ந்து வாங்கினோம். ஆளுக்குப் பாதி. அவன் எம்பங்கேனியில் டயர் கடை வைத்திருந்தான். நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைப் பார்த்து, எதனால் நடந்தது என்று எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்.

கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு குளிர்காலம் முழுவதும் அதிலேயே போனது. கான்கிரீட்டை உடைக்கும் டிரில் படகுக்குத் தேவையில்லை. உடம்பு குட்டையான டிரில் வேண்டும், எஞ்சினுக்குப் பின்னால் நீளமானது நுழையாது. படகில் இருக்கும் பன்னிரண்டு வோல்ட்டிலேயே சார்ஜ் ஏற வேண்டும். உப்புக்காற்று பேட்டரியின் முனைகளைத் தின்றுவிடும், அவ்வப்போது துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். டிரில், சின்ன ரம்பம், விளக்கு, வெக்கைக்கு ஒரு விசிறி. நான்கும் ஒரே பேட்டரியில் ஓடும்படி நீல நிறத்தில் வாங்கினேன். வெசெல் எதையும் படித்துப் பார்க்கவில்லை. நீ சொன்னா சரிடா என்றான்.

கட்டிங் மிஷின் மட்டும் பாக்கி. அது அன்றாட வேலைக்கு இல்லை. என்றாவது பாய்மரம் முறிந்து விழுந்தால், அதைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகள் அறுவதில்லை. மரம் தண்ணீரில் கிடந்தபடி படகின் விலாவை இடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டை விழுவதற்குள் கம்பிகளை வெட்டி மரத்தைக் கடலோடு விட்டுவிட வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் கட்டிங் மிஷின்.

நீலத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். வாங்குவதற்குள் வெசெலின் பிறந்தநாள் வந்தது. அனெலி அவனுக்கு ஒரு கட்டிங் மிஷின் வாங்கிக் கொடுத்தாள். மஞ்சள். கூடவே ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர்.

அவன் அதைப் பிறந்த குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு படகுக்கு வந்தான்.

"கெரிட், பாத்தியாடா? எம்பொண்ணு குடுத்தது."

"நல்ல மிஷின்தான். ஆனா மஞ்சள்."

"பரவாயில்ல, உனக்குக் கண்ணு இன்னும் தெரியுது."

"நம்ம பேட்டரி இதுல ஏறாது, வெசெல். ஒரு படகுல ரெண்டு வகை இருக்கக் கூடாது. அவசரத்துல மாறிப்போகும்."

"நீலம் உன்னோடது, மஞ்சள் என்னோடது. என் கடையில டயர் உருட்டுறவனுக்கே இது புரியும். உனக்கு என்ன?"

"கடையில குடுத்து மாத்திக்கலாம். அனெலிகிட்ட நானே சொல்றேன்."

"புள்ள ஆசையாக் குடுத்ததைக் கொண்டுபோய் மாத்தணுமா?" அவன் பக்கத்துப் படகைத் திரும்பிப் பார்த்தான். அங்கே இரண்டு பேர் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "மாக்டா ஏன் உன்ன விட்டுட்டுப் போனான்னு இப்பத்தான்டா எனக்குப் புரியுது."

அவர்கள் சிரித்தார்கள். மாக்டா என் மனைவி. அந்தப் பேச்சு என்னைப் பாதிக்கவில்லை. வேறு யார் வழியாகவாவது உங்களுக்குத் தெரியவரும் என்பதால் சொல்கிறேன்.

நான் விட்டுக்கொடுத்தேன். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். இரண்டு சார்ஜர்களும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. நீலம் ஏற்கெனவே படகின் முன்பக்கத்தில், படுக்கைக்கு மேலே இருந்தது. மஞ்சளை கேபின் வாசலில், படிக்குப் பக்கத்தில் திருகி மாட்டினேன். கலந்துவிடக் கூடாது என்பதற்காக. இதை நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு எங்கே நங்கூரம் போட்டாலும் அந்த மிஷினை யாராவது இரவல் கேட்டு வருவார்கள். வெசெல் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். "ஏய் கெரிட், உன் நீலத்தை எவனாவது கேட்டானா?" என்பான். நான் சிரித்துக்கொள்வேன். அவன் கெட்டவன் இல்லை. பேச்சில் விடமாட்டான், அவ்வளவுதான்.

வடக்கே பசாருடோ தீவுகளிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் கரையோரம் நீரோட்டம் தெற்கே ஓடுகிறது. அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று அடித்தால் கடல் செங்குத்தாக எழும். காற்று மாலையில்தான் வரும் என்றார்கள். காலைக் காபிக்கே வந்துவிட்டது. ஒரு பக்கக் கம்பியின் ஆணி உடைந்தது. பாய்மரம் சரிந்து இடது பக்கம் கடலில் விழுந்தது. அது முதல் முறை விலாவை இடித்தபோது கேபினுக்குள் தட்டுகள் எல்லாம் குதித்தன.

யார் போவது என்ற பேச்சே எழவில்லை. வெசெல் என்னைவிட பலசாலி. இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். அதன் கொக்கியைத் தளத்தின் நீளத்துக்குக் கட்டிய பட்டையில் மாட்டிக்கொண்டு தவழ வேண்டும். நடுவில் பாயின் குறுக்குத்தடி அந்தப் பட்டையின்மேல் விழுந்து கிடந்தது. அந்த ஓர் இடத்தில் கொக்கியைக் கழற்றி, தடிக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் இடையில் அவனைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் அதைக் கேபின் வாசலில் இருந்தே பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"அங்க மட்டும்தான்டா பயம்," என்றான். "ஒரே தடவ. போனா வெட்டி முடிச்சிட்டுத்தான் வருவேன். பேட்டரி குடு."

அவன் கழுத்தில் தொங்கிய துணிப்பையில் மிஷின் இருந்தது. அதில் பேட்டரியைப் போட்டேன். அவன் போனான். குறுக்குத்தடியிடம் கழற்றினான், மாட்டினான், கம்பியிடம் சேர்ந்தான். மிஷினில் பேட்டரியைப் பொருத்தப் பார்த்தான். பிறகு அதைத் தூக்கிக் காட்டினான். நீலம்.

"கெரிட்! இது உன்னோடதுடா!"

அவ்வளவு காற்றிலும் அது கேட்டது. அவன் சிரித்தானா, முகத்தில் தண்ணீர் அறைந்ததால் அப்படித் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. மிஷினைக் கம்பியோரம் கட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். குறுக்குத்தடியிடம் கொக்கியைக் கழற்றினான். அப்போது அந்த அலை வந்தது.

மிதவை வளையத்தை எறிந்தேன். தண்ணீரில் கம்பிகள் கிடக்கும்போது எஞ்சினை ஓட்டினால் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். எனவே முதலில் கம்பிகளை வெட்ட வேண்டும். அதுதான் முறை. மஞ்சள் பேட்டரியோடு போய் வெட்டினேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், அது நல்ல மிஷின். கம்பிகள் உடனுக்குடன் அறுந்தன. பேட்டரியில் மிச்சமும் இருந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போது அவனுடைய மழைக்கோட்டு கொஞ்ச நேரம் அலைகளுக்கு நடுவே தெரிந்தது. எஞ்சினைக் கிளப்பியபோது தெரியவில்லை. இருட்டும்வரை தேடினேன்.

விசாரணையில் கேட்டார்கள். சார்ஜர்கள் இரண்டும் படிக்குப் பக்கத்தில் அருகருகே இருந்தன, பதற்றத்தில் மாறிப்போய்விட்டது என்றேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் விபத்துகளுக்குக் காரணம் எழுதியவன் நான். எது நம்பும்படி இருக்கும் என்று தெரியும். பாய்மரம் இல்லாத அந்தப் படகுக்குள் ஏறிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை. தேவாலயத்தில் ஒரு படம் வைத்தார்கள். அனெலி என்னிடம் வந்தாள்.

"கெரிட் மாமா, நான் அந்த மஞ்சளை வாங்காம இருந்திருந்தா..."

"உன் மேல தப்பில்லம்மா," என்றேன்.

அதைப் பல முறை சொன்னேன். போனில் சொன்னேன், கூட்டங்களில் பேசி முடித்து அவள் தோளைத் தட்டும்போது சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. நான் சொல்வதை நிறுத்தவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

படகில் என் பாதியை அவளுக்கே எழுதிக் கொடுத்தேன். புது மரம் நிறுத்தி, கணவனோடு கடலுக்குப் போகப்போகிறேன் என்றாள். என்னென்ன கருவிகள் வைக்கலாம் என்று என்னைத்தான் கேட்டாள். எல்லாவற்றையும் நீலத்திலேயே வாங்கினாள். எனக்கு அது நிறைவாக இருந்தது.

போன வாரம் கேபினுக்கு வண்ணம் அடிப்பதற்காக மரப்பலகைகளைக் கழற்றியிருக்கிறாள். நேராக இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. ரூய்போஸ் டீ போட்டேன்.

"மாமா, மஞ்சள் சார்ஜர் படிக்குப் பக்கத்துலயே இருக்கு."

"ஆமாம்மா."

"நீலம் முன்னாடி, படுக்கைக்கு மேல. பழைய திருகு. யாரும் இடம் மாத்தினதாத் தெரியல."

"ஆமா."

"அப்பா வாசல்ல நின்னு கேட்டாரு. மஞ்சள் உங்க கை பக்கத்துல இருந்துச்சு." அவள் குரல் உயரவில்லை. "அதைத் தாண்டி முன்னாடி வரைக்கும் ஏன் போனீங்க?"

நான் பாலை ஊற்றினேன். ரஸ்க் வைத்தேன். அவள் எதையும் தொடவில்லை.

"ரெண்டு வருஷமா நான் தூங்கல, மாமா. எம்புள்ளைக்கு அவரோட பேரு வைக்கக்கூட எனக்கு அருகதை இல்லைன்னு இருந்தேன். நீங்க முன்னாலயே உக்காந்து என் கையைப் புடிச்சிட்டு இருந்தீங்க."

பிறகு எழுந்து போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வெசெலாக இருந்தால் அறைந்து சாத்தியிருப்பான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மஞ்சள் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு முன்பக்கம் போனேன். படகு துள்ளியதில் விழுந்து எழுந்துதான் போக வேண்டியிருந்தது. நீலத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அவன் பையில் போட்டேன். அவன் குனிந்து பார்க்கவில்லை. நான் கொடுத்த எதையும் அவன் என்றைக்குமே சரிபார்த்ததில்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் திரும்பி வர வேண்டும் என்று நினைத்தேன். மாறிப்போச்சுடா என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தடியை இன்னும் இரண்டு முறை அவன் தாண்ட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு எந்த வழியிலும் அவனுக்குப் புரியவைக்க முடிந்திருக்காது. எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பையில் இருந்து மஞ்சளை எடுத்துக் கொடுக்கும்போது சொல்வதற்கு ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். நான் அப்பவே சொன்னேன்ல. அவ்வளவுதான். அவன் போன பிறகும் அதைச் சொன்னேன். உரக்கவே சொன்னேன்.

களைப்பாக இருக்கிறது, மேடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அனெலியிடம் அவள் மேல் தப்பில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள், என் வாயால் இனி வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நிறமாக இருந்திருந்தால், அன்றைக்கு அவனுக்குக் கொடுக்கத் தவறான பேட்டரி என்று ஒன்று என்னிடம் இருந்தே இருக்காது.