கூடுதல் விவரம் தேவை

ஜூன் 28, திங்கள். இன்று மாலை, தொழிலாளர் சட்ட வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். ஒரு தொழிலாளியின் புகாரை எத்தனை நாள் கையில் வைத்திருக்கலாம் என்று ஆசிரியர் கேட்டார். முப்பது என்றேன். பதினைந்துதான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒன்றரை வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

நடந்ததை வரிசையாக எழுதித் தரும்படி விசாரணைக் குழு சொல்லியிருக்கிறது. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எதையும் ஒரே தடவையில் சரியாக எழுத வராது.

எங்கள் நிறுவனம் சலவை இயந்திரங்கள் செய்கிறது. அவற்றின் முகப்புக் கண்ணாடி வெளியே ஒரு பட்டறையிலிருந்து வருகிறது. அப்படிப் பொருள் தரும் இடங்களிலெல்லாம், அநியாயம் நடந்தால் சொல்வதற்கென்று சுவரில் ஒரு எண் ஒட்டியிருப்போம். அந்த எண் ஒலிப்பது என் மேசையில். மூன்றாம் மாடி, சன்னல் இல்லாத அறை. பெரும்பாலும் ஒலிக்காது. எதிர் மேசைக்காரர் வேலையை விட்டுப் போனதும் அவருடைய நாற்காலியையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

மார்ச் மாதக் கடைசிச் செவ்வாய், மாலை நான்கு மணிக்கு ஒரு பெண் அழைத்தார். குரலை வைத்துப் பார்த்தால் நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"கண்ணாடி துடைக்கிற வேலை தம்பி. டின்ல ஏதோ தண்ணி மாதிரி தர்றாங்க, துடைச்ச உடனே காய்ஞ்சிடுது. தூசி வரும்னு சன்னலையெல்லாம் அடைச்சுட்டாங்க. விரல் நுனி மரத்துப் போகுது."

எழுதிக்கொண்டேன். போனை வைக்கும் முன் கேட்டார்: "என்ன தம்பி, மூக்கடைச்சிருக்கு? மழையில நனைஞ்சீங்களா? குடைன்னு ஒண்ணு கடையில விக்கிறாங்களே, கேள்விப்பட்டதில்லையா?"

எனக்கு நான்கு நாளாகச் சளி. அதைக் கவனித்த முதல் ஆள் அவர்தான்.

எங்கள் படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'விசாரணைக்கு அனுப்பு' என்பதைத் தொட்டால் கோப்பு மேல்மாடிக் குழுவுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு புகார் சொன்னவரிடம் நான் பேசக் கூடாது. அவருடைய பாதுகாப்புக்கான விதி அது. 'கூடுதல் விவரம் தேவை' என்பதைத் தொட்டால் கோப்பு என்னிடமே இருக்கும். பதினைந்து நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடுத்த வாரம் அதே நேரத்தில் அவரை அழைக்கும்படி கணினி நினைவூட்டும்.

நான் இரண்டாவதைத் தொட்டேன். டின்னில் ஒட்டியிருந்த சீட்டின் நிறம் அவருக்குத் தெரியவில்லை. அரைகுறைக் கோப்பை மேலே அனுப்புவது பொறுப்பான காரியம் இல்லை.

இரண்டாம் செவ்வாய் சீட்டின் நிறத்தைக் கேட்டேன். மூன்றாம் செவ்வாய் எத்தனை சன்னல் என்று கேட்டேன். நான்காவதில், எவை எந்தத் திசையில் இருக்கின்றன என்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டிருக்கலாம்தான்.

"உங்களுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலைன்னு இப்பதான் புரியுது தம்பி," என்றார். "பொண்ணு பார்க்கப் போன இடத்துலயும் சன்னல் கணக்கு கேட்டிருப்பீங்க."

அன்று அறையில் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வாரம், "நேத்து ஒரு செருப்போடவே வீடு வந்து சேர்ந்திருக்கேன். இன்னொண்ணு எங்க கழண்டுச்சுன்னே தெரியல," என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எந்தக் கால் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஏழாம் வாரம் அவர் சிரிக்கவில்லை. "வேற இடத்துல வேலை இருக்காம் தம்பி. போயிடவா?"

வேலையை விட்டு நின்றவர்களின் புகார் வேறொரு மேசைக்குப் போய்விடும். அதைச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வாரம் மட்டும் இருங்கக்கா. விவரம் முழுசா வந்துடும்." அந்த விதி உண்மையானது. நான் பொய் சொல்லவில்லை.

"நீங்க சொன்னா சரி. எங்களுக்காகப் பேச நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

அந்த வாக்கியத்தை அன்றைய தேதியிட்டு இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் ஆனபோது அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. பத்தாம் வாரம் அவருடைய குரல் தள்ளியிருந்து கேட்டது. மகள்தான் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். பதினோராம் வாரம் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் எனக்கு மாலை வகுப்பின் தேர்வு, விடுப்பில் இருந்தேன். மகள் எங்கள் எண்ணுக்கு அழைத்திருக்கிறாள். வரவேற்பு மேசைப் பெண் எடுத்திருக்கிறார். அந்தப் படிவத்தை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. நான்கு நிமிடத்தில் நிரப்பி, முதல் கட்டத்தைத் தொட்டு அனுப்பிவிட்டார். டின்னில் இருந்தது நரம்பைக் கெடுக்கும் கரைப்பானாம்; மூன்றாம் நாள் பட்டறையை மூடினார்கள். அங்கே இருபத்திரண்டு பெண்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஆறு பேரால் நடக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு நாளாக ஆகச் சரியாகலாமாம். அந்த ஆறு பேரில் ஒருவரான அக்காவைப் பற்றி மருத்துவர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. முதல் வாரமே நிறுத்தியிருந்தால் விரல் நுனியோடு போயிருக்கும் என்று மட்டும் சொன்னாராம்.

குழுவின் தலைவி என் குறிப்புகளை முழுக்கப் படித்திருந்தார். "இவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கீங்க. ஆபத்துன்னு உங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சது மேடம்."

"எப்போ?"

"முதல் வாரமே."

"அப்புறம் ஏன் அனுப்பல?"

எழுதித் தருகிறேன் என்றேன். இங்கே எழுதிவிடுகிறேன். அனுப்பியிருந்தால் அடுத்த செவ்வாய் நான் அவரோடு பேசியிருக்க முடியாது. அவ்வளவுதான். நானும் யோசித்துப் பார்த்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை. பதினோரு வாரமும் ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் அந்தக் கட்டத்தைத் தொட்டேன்.

அக்காவுக்கு இது தெரியாது. மகளிடமும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு இதைத் திருத்தி எழுதித் தலைவியிடம் கொடுக்க வேண்டும். அக்கா இருக்கும் மருத்துவமனை வார்டின் தொலைபேசி எண் கிடைத்துவிட்டது. பாவம், அசையாமல் படுத்தே கிடக்கிறார், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. நாளை செவ்வாய். நான்கு மணிக்கு அழைத்து, செவிலியரிடம் சொல்லி, போனை அவர் காதில் வைக்கச் சொல்ல வேண்டும்.